சடையன்பொத்தைக்கு விமானம் இறக்கியவள்

சடையன்பொத்தை விமான நிலையத்தின் வாசலில் ஒரு பளிங்குக் கல்வெட்டு இருக்கிறது. அதில் ஏழு பெயர்கள். அந்த ஏழு பேரில் ஒருவருக்காவது அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று தெரியுமா? தெரியாது. தெரிந்தவள் பெயர் கல்வெட்டில் இல்லை. இசக்கிச்செல்வி என்று பெயர். புல் அறுக்கிறவள். அவளைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது என்பதால் நானே எழுதுகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலப்பாளையத்தில் இறங்கி ‘தார்ப்பாய் மதார்’ என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகூட கையைப் பிடித்துக் கூட்டிவரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பதினொரு வயதில் சாக்குத் தைக்கிற கோணி ஊசியைக் கையில் எடுத்தேன். இப்போது எழுபத்தொன்று. இந்தப் பக்கத்தில் ஓடுகிற லாரிகளில் பாதி என் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டுதான் ஓடுகிறது. படித்தவர்கள் எழுதினால் அழகாக இருக்கும். நான் எழுதினால் நடந்தது இருக்கும்.

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணியிலிருந்து பிரிந்து வருகிற கால்வாய் ஒன்று வளைகிற இடத்தில், வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் போட்ட ஓடுதளம் அது. மேற்கும் கிழக்குமாக, நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கும். சண்டை முடிந்தது, அவன் போய்விட்டான். நான் புதுமாப்பிள்ளையாக இருந்த காலத்தில், பதினெட்டுப் பேர் உட்காருகிற குட்டி விமானம் ஒன்று வாரத்துக்கு மூன்று நாள் மெட்ராசிலிருந்து வந்துபோனது. இரண்டு வருடம்கூட முழுசாக ஓடவில்லை. ஒரு திங்கட்கிழமை வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

விமானம் போன இடத்துக்கு நெல் வந்தது. சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு பெரிய களம் வேறு யாருக்கு உண்டு? நெல், உளுந்து, மிளகாய் வற்றல் எல்லாம் காய்ந்தது ஓடுதளத்தில்தான். மழை இறங்கினால் மூட வேண்டுமே! சைக்கிள் கேரியரில் நாலு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு வாடகைக்கு விடப் போனவன் நான். அந்த நாலுதான் நாற்பதாகி, நானூறாகி, இன்றைக்கு என் கடை. ஆக, விமானமே வராத விமான நிலையத்தால் முன்னுக்கு வந்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நான்தான்.

அங்கே வைத்துத்தான் இசக்கிச்செல்வியைப் பார்த்தேன். மாஞ்சோலையில் பிறந்த பிள்ளை. தேயிலைக் கொழுந்து பறித்த கை. சடையன்பொத்தை பிச்சைக்கண்ணுவுக்கு வாழ்க்கைப்பட்டு மலையிலிருந்து இறங்கி வந்தபோது பத்தொன்பது வயது. ஓடுதளத்தின் இரண்டு பக்கமும் புல் அறுக்கச் சர்க்காரில் ஒப்பந்தக் கூலி ஆள் எடுத்தார்கள். விமானம் இல்லாவிட்டாலும் புல் அறுக்க வேண்டும் என்று எந்தத் தாளிலோ எழுதியிருந்ததாம். மற்றவர்கள் ஆள் தெரிகிற இடத்தில் மட்டும் அறுத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். இவள் மட்டும் கோடியிலிருந்து கோடி வரைக்கும் அறுப்பாள். கணவனே கேலி செய்வான்.

“ஏளா, இன்னைக்கு எத்தன பிளேன் எறங்கிச்சு? கஞ்சிக்கு நேரமாச்சுன்னு ஒரு பிளேன்கூடவா ஒன்ன எறக்கிவிடல?”

“நீரு சிரியும்வே. வரும்போது பொல்லாப்பு வேண்டாம்னுதான் அறுக்கேன். புல்லு வளந்து கெடந்தா எறங்குறவனுக்குத் தளம் தெரியாதுல்லா?”

இருபத்தேழு வருடம் இப்படி. ஆள் மாறினார்கள், அதிகாரி மாறினார்கள், அவள் மட்டும் அங்கனயே இருந்தாள்.

அவளிடம் இன்னொரு சங்கதி உண்டு. நெல் தூற்றுகிறவர்கள் அவளைக் கேட்காமல் சுளவைத் தூக்க மாட்டார்கள். “செல்வி, தூத்தலாமா?” என்று சத்தம் கொடுப்பார்கள். அவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையால் பிடரி வேர்வையைத் துடைத்து, கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பாள். “பொறுங்க. மேகாத்து அசந்துட்டு. இன்னும் கொஞ்ச நேரத்துல கொண்டல் வரும். அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க” என்பாள். மேகாத்து என்றால் மலையிலிருந்து வருகிற மேற்குக் காற்று. கொண்டல் என்றால் கடலிலிருந்து வருகிற கிழக்குக் காற்று. ஒருநாளாவது தவறுவாள் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். தவறவில்லை. நான் லேசில் யாரையும் மெச்சுகிற ஆள் இல்லை. அவளை மெச்சினேன்.

சின்ன ஊர் விமான நிலையங்களைத் திரும்பத் திறக்கப்போவதாகச் செய்தி வந்தபோது, ஊரே ஒரு வாரம் சிரித்தது. அப்புறம் அளக்கிறவர்கள் வந்தார்கள். முள்வேலி வந்தது. தார் போடுகிற இயந்திரம் வந்தது. பழைய தளத்தின் மேல் கறுகறுவென்று புதுத்தளம் விரிந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கட்டடம் ஒன்றும் எழும்பியது. மகேஷ் என்று மதுரைக்காரர் ஒருவர் மேலாளராக வந்தார். நல்ல மனிதர், ஆனால் எதற்கெடுத்தாலும் பயம். நெல் காயப்போடக் கூடாது என்று பலகை வைத்தார். “உமக்கு நட்டமில்லையா வே?” என்று கடைவீதியில் என்னிடம் கேட்டார்கள். கட்டட வேலைக்குத் தேவையான தார்ப்பாய் அத்தனையும் யார் கடையிலிருந்து போனது என்று அவர்களுக்குத் தெரியாது பாவம்.

ஆவணி பிறந்த வாரம் அது. மேகாத்து பேயாக அடித்தது. ஓடுதளத்து ஓரத்தில் உயரமான கம்பத்தில் காற்றுப்பை ஒன்று பறக்கும். காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று விமானி மேலிருந்தே பார்த்துக்கொள்ள. அது கிழிந்து நார்நாராகிவிட்டது. புதிதாக வர இரண்டு மாதமாகுமாம். மகேஷ் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இசக்கிச்செல்விதான் அவரை என் கடைக்கு இழுத்துவந்தாள்.

“அண்ணாச்சி, ஒரு பை தைக்கணும்.”

“கட்டப்பையா, சுருக்குப்பையா?”

“ஆளு உள்ள பூந்து வெளிய வார பை. ரெண்டு பக்கமும் வாயி.”

“ரெண்டு பக்கமும் வாயிருந்தா அதுக்குப் பேரு பையா ளா?”

மகேஷ் கைப்பேசியில் படத்தைக் காட்டினார். “இதுதாண்ணே. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். அளவு பிசகக் கூடாது.”

நான் பார்த்துவிட்டுச் சிரித்தேன். “இதுக்கா சார் மூஞ்சி தொங்குது? ராட்சசனோட கால்சட்டையில ஒரு காலு. அவ்வளவுதானே? டீ குடிச்சிட்டு உக்காருங்க.”

“எத்தனை நாளாகும்ணே?”

“நாளா? ரெண்டாவது டீ வார வரைக்கும் ஆகும்.”

ஐந்தாவது டீ வரை ஆனது, அதை மறைக்கவில்லை. ஆனால் எப்பேர்ப்பட்ட பை! காவியும் வெள்ளையுமாகப் பட்டை மாற்றி, இரட்டைத் தையல் ஓட்டி, வாய்க்கு நைலான் கயிறு கொடுத்து... இசக்கிச்செல்வி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இத உடுத்திட்டுக் கல்யாணத்துக்கே போகலாம்” என்றாள்.

கட்டுகிற வேலையையும் நானே செய்வேன் என்று ஏணியில் ஏறினேன். எழுபத்தொரு வயதில், அந்தக் காற்றில்! கம்ப உச்சியில் இரும்பு வளையம். பையின் வாயை அதில் வரிந்தேன். வளையம் லொடலொடவென்று சுற்றியது. எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் தெரு தர்காவில் கந்தூரிக்குக் கொடி ஏறும்போது நாற்பது வருடமாகக் கட்டுப் போடுகிறவன் நான். ஏழு சுற்று, குறுக்கே மூன்று சுற்று, மேலே பூட்டு முடிச்சு. கொடி அசையலாம், கட்டு அசையக் கூடாது. கந்தூரி முடிகிற வரைக்கும் அது நின்ற இடத்தில் நிற்பதுதான் எங்கள் தெருவுக்கு மரியாதை. அதே கட்டை இங்கும் போட்டேன். வளையத்தையும் கம்பத்தையும் சேர்த்துப் பிடித்து இறுக்கிவிட்டேன். கீழே மகேஷ் போனில் பேசிக்கொண்டிருந்தார். இறங்கிவந்து பார்த்தால், பை மேகாத்தைக் குடித்துக் கிழக்கே பார்த்து யானைத் தும்பிக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. கை தட்டினார்கள்.

ஐந்து வாரம் அப்படியே நின்றது. அந்தக் காலத்தில் மேற்கே இருந்து மட்டுமே காற்று. ஆகவே யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

புரட்டாசி முதல் வாரம் சோதனை நாள் வந்தது. சின்ன விமானம் ஒன்றில் பரிசோதிக்கிற அதிகாரிகள் வந்து இறங்கி, எல்லாவற்றையும் பார்த்து, தேறியது என்று எழுதினால்தான் உரிமம். அன்று தேறாவிட்டால், சடையன்பொத்தைக்கு என்று ஒதுக்கிய விமானத்தைக் கம்பெனி வேறு ஊருக்கு அனுப்பிவிடும். சரக்கு அடைக்கிற கிட்டங்கிகளுக்காகத் தளத்தை வாடகைக்குக் கேட்டு ஏற்கெனவே ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மகேஷ் காலையில் புல் அறுக்கிற பெண்களிடம் இதையெல்லாம் சொன்னபோது, இசக்கிச்செல்வியின் முகம் சிறுத்துவிட்டது.

“அப்படின்னா நான் இருபத்தேழு வருசமா மாட்டுக்குத்தான் புல்லு அறுத்திருக்கேன்னு ஆயிரும், அண்ணாச்சி” என்று என்னிடம் சொன்னாள். அவள் அப்படிச் சோர்ந்து நான் பார்த்ததில்லை.

மதியம் மூன்று மணி. வேலிக்கு வெளியே ஊரே நின்றது. பிள்ளைகள் பிச்சைக்கண்ணுவின் டிராக்டர் மேல். மகேஷும் நானும் புதுக் கட்டடத்தின் மேற்குச் சுவரோரம் நின்றோம். தீயணைப்பு வண்டி பக்கத்தில். பெண்கள் பதினொரு பேரும் அறுத்த புல்லைக் கடகங்களில் வைத்துக்கொண்டு தளத்தோரம் உட்கார்ந்திருந்தார்கள். விமானம் போகிற வரை எழுந்திருக்கக் கூடாது என்று உத்தரவு. காற்றளக்கிற கருவி இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அன்றைக்கு என் பைதான் எல்லாம்.

வடக்கே பொட்டுப்போல் தெரிந்தது. கூட்டம் கூச்சல் போட்டது. மகேஷின் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. காற்று எப்படி என்று விமானி கேட்டார். மகேஷ் பையைப் பார்த்தார். அது நனைந்த லுங்கி மாதிரி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. காற்று இல்லை என்று இங்கிலீஷில் சொன்னார். அப்படியானால் கிழக்கேயிருந்தே இறங்குகிறேன் என்றார் விமானி.

விமானம் கிழக்கே திரும்பியதைப் பார்த்ததும், தளத்தோரத்தில் இசக்கிச்செல்வி எழுந்துவிட்டாள். காவலாளி விசில் ஊதுகிறான். அவள் காதிலேயே வாங்காமல், கடகத்தை இடுப்பில் வைத்தபடி, எங்களை நோக்கி ஓடி வருகிறாள்.

“சார்! காத்து இல்லைன்னா சொன்னிய?”

“போம்மா, உக்காரு, பிளேன் வருது!”

“சார், கொண்டல் அடிக்குது சார். நல்லா அடிக்குது. அவன் கெழக்கேருந்து வந்தா காத்து முதுகப் பிடிச்சுத் தள்ளும். நிக்க மாட்டான். மேக்கே கால்வாய்க்குள்ளதான் போயி விழுவான்!”

“பையைப் பாரும்மா. தொங்குதுல்ல?”

“பை பொய் சொல்லுது சார்!”

எனக்குச் சுருக்கென்றது. “ஏளா, யாரு தச்ச பையப் பாத்து என்ன சொல்லுத?” என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவள் மகேஷின் கையைப் பிடித்து இழுத்தாள். அதிகாரியின் கையை! சுவர் மறைவை விட்டு வெளியே வந்ததுதான் தாமதம், மகேஷின் தொப்பி பறந்தது. அவள் கடகத்திலிருந்து இரண்டு கையும் நிறையப் புல்லை அள்ளி, நெல் தூற்றுகிற மாதிரி ஆகாயத்துக்கு வீசினாள். ஒரு புல்கூட நேராகக் கீழே விழவில்லை. அத்தனையும் எங்கள் தலைக்கு மேலாக மேற்கே பறந்து, தீயணைப்பு வண்டியின் கண்ணாடியில் அப்பியது.

மகேஷுக்கு அதன்பிறகு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாக்கிடாக்கிக்குள் கத்தினார். விமானம் அதற்குள் கிழக்குக் கோடியில் சக்கரத்தை நீட்டிக்கொண்டு வந்துவிட்டது. வயிறு தெரிகிறது. தளத்தைத் தொடப்போகிறது. தொடவில்லை! ஒரு உறுமல் உறுமி, எங்கள் காதை அடைத்துவிட்டு, மேலே எழும்பிப் போயே போய்விட்டது.

“போச்சு! புடிக்கலைன்னு திரும்பிப் போறான்!” என்று டிராக்டர் மேலிருந்து பிச்சைக்கண்ணு அலறினான்.

இசக்கிச்செல்வி அசையவில்லை. மலை இருக்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விமானம் மேற்கே பெரிய வட்டம் போட்டுத் திரும்பியது. கால்வாயைத் தாண்டி, வாழைத் தோட்டத்தைத் தாண்டி, இறங்கியது பாருங்கள்! கொண்டல் காற்று எதிரே நின்று தாங்கிப் பிடித்தது. பாதித் தளத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. வேலிக்கு வெளியே குலவைச் சத்தம். நான் பக்கத்தில் நின்ற காவலாளியைக் கட்டிப் பிடித்தேன். யார் என்றே தெரியாது.

சந்தோஷம் அஞ்சு நிமிடம்கூட நிற்கவில்லை. நரைத்த தலையோடு ஒல்லியான அதிகாரி ஒருவர் இறங்கிவந்தார். நேரே பைக்குப் போனார். அண்ணாந்து பார்த்தார். ஏதோ கேட்டார். மகேஷ் வியர்த்து நின்றார்.

“காத்து இவ்வளவு அடிக்கும்போது பை ஏன் திரும்பலைன்னு கேக்குறாரு. இதுதான் தளத்தோட லட்சணம்னா உரிமம் குடுக்க முடியாதாம்.”

நானும் அண்ணாந்து பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வளையம் சுற்றுவதற்கென்றே வைத்தது. அதை நான் கொடிமரத்துக் கட்டாகக் கட்டிப் பூட்டிவிட்டேன். பொய் சொல்ல எனக்கு வாய் வராது.

“கட்டினது நான்தான்னு சொல்லுங்க சார். தையல்ல குத்தமில்ல. கட்டுலதான் குத்தம். நல்லாக் கட்டிட்டேன்.”

“வேற யாரு இப்படிக் கட்டுவா?” என்றாள் இசக்கிச்செல்வி. “தள்ளுங்க அண்ணாச்சி. உங்க முடிச்ச அவுக்க நீங்களே ஏறினாலும் விடியுமாக்கும்.” அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டாள். பத்துச் சுற்றுக் கயிற்றையும் அறுக்க அவளுக்கே மூச்சு வாங்கியது. கடைசிச் சுற்று அறுந்ததும் வளையம் கிரீச்சிட்டது. பை படாரென்று சுழன்று, அவள் முகத்தில் ஓர் அறை கொடுத்துவிட்டு, மேற்கே பார்த்து விம்மி நின்றது.

அதிகாரி சிரிக்கவில்லை. இறங்கிவந்தவளிடம் மகேஷ் மூலமாகக் கேட்டார்: காற்று மாறியது எப்படித் தெரிந்தது?

“மலைக்காத்து வறட்டுக் காத்து. கொண்டல்ல பிசுபிசுப்பு இருக்கும். பிடரியில வேர்வ காயாது. அவ்வளவுதான்.”

இன்னும் எவ்வளவு நேரம் இப்படி அடிக்கும் என்று கேட்டார். அவள் மேற்கே பார்த்தாள். மாஞ்சோலை மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

“முக்கா மணி நேரத்துல அடங்கிரும். அப்புறம் அந்த மழையோட காத்து மேக்கேருந்து எறங்கும்.”

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். பைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்! பை ஒரு பக்கம் திரும்பியது போதாதாம். இரண்டு பக்கமும் தானாகத் திரும்புவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அவள் சொன்னபடி காற்று மாறாவிட்டால் திரும்பிப் போய்விடுவாராம். மகேஷ் அங்குமிங்கும் நடந்தார். நான் எனக்குத் தெரிந்த ஓதல் அத்தனையும் ஓதினேன். பெண்கள் இசக்கியம்மனைக் கூப்பிட்டார்கள்.

அரை மணி போயிற்று. பை விம்மியபடியே இருந்தது. முக்கால் மணியானது. பை மெல்லச் சுருங்கியது, தொங்கியது. அப்படியே கிடந்தது. அதிகாரி எழுந்து சட்டையை உதறினார். மகேஷ் கண்ணை மூடிக்கொண்டார்.

“பொறுங்க சார்” என்றாள் இசக்கிச்செல்வி. முந்தானையால் பிடரியைத் துடைத்தாள். கண்ணை மூடவில்லை. “வந்துட்டு.”

முதலில் புல் சாய்ந்தது. மேற்குக் கோடியிலிருந்து அலைமாதிரி சாய்ந்துகொண்டே வந்தது. எங்கள் வேட்டி அடித்தது. மண்வாசனை வந்தது. வளையம் மெல்ல முனகியது. என் பை வாலைத் தூக்கி, அரை வட்டம் சுற்றி, கிழக்கே பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு நூல் பிரியவில்லை, கவனியுங்கள்.

அதிகாரி நின்றபடியே தாளில் எழுதினார். நிறைய எழுதினார். காற்றளக்கிற கருவியை ஒரு வாரத்துக்குள் பொருத்த வேண்டும், வளையத்துக்கு மாதாமாதம் எண்ணெய் விட வேண்டும், அப்புறம் என்னென்னவோ. கீழே கையெழுத்துப் போட்டு மகேஷிடம் நீட்டினார். மகேஷ் படித்தார். எங்களைப் பார்த்தார். தாளைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

டிராக்டர் ஆரன் அலறியது. பிச்சைக்கண்ணு வேலியைப் பிடித்துக்கொண்டு, “ஏளா செல்வி! தேறிட்டாளா?” என்று கத்தினான். விமான நிலையத்தைக் கேட்டானா, பெண்டாட்டியைக் கேட்டானா, அவனுக்கே தெரியாது. அவள் தார்த்தளத்தில் பொத்தென்று உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் குனிந்து பார்த்தேன். இரண்டும்தான்.

மழைக்கு முந்தி விமானம் மேற்கே ஓடி எழும்பிப் போனது. முதல் துளி விழுந்தது. இசக்கிச்செல்வி எழுந்து சேலையை உதறிச் செருகினாள்.

“எந்திரிங்கட்டி!” என்றாள் மற்றப் பெண்களைப் பார்த்து. “மழ பேஞ்சா ஒரு வாரத்துல புல்லு முழங்காலுக்கு வந்துரும். இனும ஆளுக வருவாக. மேக்குக் கோடிய இன்னைக்கே முடிச்சிருவோம்.”

பதினொரு பேரும் மழையில் நடந்தார்கள்.